திரும்பக் கையெழுத்துப் போட அனுமதி

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்லத்தான் ஆசை. உதிக்கவில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, கள்ளக்குறிச்சியில் என் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, “சார் இருக்காருங்களா?” என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தது.

வந்தவள் சின்னப்பொண்ணு. வயது நாற்பத்தொன்று. வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். கடைசியாக நான் பார்த்தபோது அவளுக்கு நாலு வயது, காய்ச்சல் நூற்று மூன்று. மேஜைமேல் ஒரு ஜெராக்ஸ் தாளை வைத்தாள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு எட்டு மாதம் அலைந்து வாங்கிய தாள். அவளுடைய அம்மா இருசம்மாள் மலையில் ஒரு சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்தவள். 1987இல் அந்த வேலை போயிற்று. எப்படிப் போயிற்று என்பது அந்தத் தாளில் இருக்கிறது.

“என்ன வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்கன்னு முப்பத்தேழு வருசமா எங்கம்மா சொல்லிக்கினு இருக்குது சார். இதப் பாருங்க. தூக்கல. தானா எழுதிக் குடுத்திருக்குது. ராஜினாமா.”

பார்த்தேன். இங்கிலீஷில் தட்டச்சு செய்த ஆறு வரி. கீழே தமிழில், ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக உட்கார்ந்த ஒரு கையெழுத்து.

“அந்த வேல போச்சுன்னுதான் என்ன சங்கராபுரத்துல மாமா வூட்ல வுட்டுட்டு, கொடகுக்குக் காப்பிக்கொட்ட பறிக்கப் போச்சு. ஏழு வருசம். நான் அந்த வூட்ல பாத்திரம் தேச்சேன். சரி, கவருமெண்டு பண்ண அநியாயம், அது இன்னா பண்ணும்னு மனச ஆத்திக்கினேன். இப்பப் பாத்தா...”

மூன்று மாதமாக ஒரே வீட்டில் அம்மாவும் மகளும் பேச்சுவார்த்தை இல்லை. மகள் சோற்றைப் போட்டுத் தட்டை நகர்த்துகிறாளாம். அவ்வளவுதான்.

“அம்மா இன்னா சொல்றாங்க?” என்றேன்.

“நான் வுடல, நான் வுடல. வேற பேச்சே இல்ல. அப்ப இந்தக் கையெழுத்து யார்துன்னா, என்னுதுதான்ங்குது. ‘அந்த மனுவ எழுதனது கள்ளக்குறிச்சி டுடோரியல் வாத்தியாரு. அவரே படிச்சு, இது ராஜினாமாதான்னு சொல்லட்டும், நான் ஒத்துக்கறேன். அவரு நல்ல மனுசன், தப்பா எழுதியிருக்க மாட்டாரு’ன்னுது. அதான் சார் வந்தேன். வர்ற செவ்வாக்கெழம அத கண்ணாஸ்பத்திரிக்கு இட்டாறேன். அப்பிடியே இங்க வர்றோம். எங்கம்மா எதுக்க இதத் தமிழ்ல படிச்சுக் காட்டுங்க. அது போதும்.”

அந்த நல்ல மனுசன் நான்தான்.

அவளுக்குக் காப்பி கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன். அவளும் கேட்கவில்லை. அவள் போனபிறகு இதை எழுத உட்கார்ந்தேன். எழுதினால் செவ்வாய்க்கிழமைக்குள் தைரியம் வந்துவிடும் என்று நம்பினேன். ஓய்வு பெற்ற வாத்தியார்களின் நம்பிக்கைகளில் இதுவும் ஒன்று.

2

முதலில் இப்படித்தான் ஆரம்பித்தேன்:

‘அந்தத் தட்டச்சு இயந்திரத்தில் சிறுகோடு போடும் விசை உடைந்திருந்தது. விதி அந்த உடைந்த விசையின் வடிவத்தில் வந்து —’

அடித்துவிட்டேன். விசை உடைந்திருக்கவில்லை. நண்பன் ஜெயப்பிரகாஷின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஏழு மெஷின். ஆயுத பூஜைக்காக அப்போதுதான் எல்லாவற்றுக்கும் எண்ணெய் போட்டுத் துடைத்து, ஒவ்வொரு விசைக்கும் குங்குமம் வைத்திருந்தான். சிறுகோட்டு விசைக்கும் குங்குமம் இருந்தது.

இரண்டாவது தொடக்கம்:

‘எழுத்தர் பிச்சைமுத்து ஈவிரக்கமற்ற —’

இதையும் அடித்துவிட்டேன். கதைக்கு ஒரு வில்லன் கிடைத்தால் வேலை சுலபம் என்று நினைத்தேன். ஆனால் இந்தக் கதையில் ஈவிரக்கத்தோடு நாலு கேள்வி கேட்ட ஒரே ஆள் அவர்தான். அவரைக் கெட்டவராக்கினால் எனக்குச் சோறு இறங்காது.

மூன்றாவது:

‘சாலை மறியல் செய்தவர்கள் மரத்தை வெட்டிப் போட்டார்கள். அதனால் இருசம்மாள் —’

இலக்கணம் சரி. உண்மை தப்பு. நானே இலக்கண வாத்தியாராக இருந்து இந்த வாக்கியத்தைத் திருத்தினால், ‘போட்டார்கள்’ என்ற சொல்லின் கீழே சிவப்பு மையால் கோடிட்டு, பக்கத்தில் ‘தன்மையில் எழுதுக’ என்று குறிப்பு எழுதுவேன்.

போட்டோம்.

3

இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். எண்பத்தேழு செப்டம்பர். கோரிக்கை நியாயமானது என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் நினைக்கிறேன். அந்த வாரத்தில் உயிரை விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை வைத்து இந்தக் கதையில் ஒரு வேடிக்கையும் கிடையாது. வேடிக்கை எல்லாம் என்னை வைத்துத்தான்.

எனக்கு இருபத்து நாலு வயது. கச்சிராயபாளையம் சாலையோரம் ஒரு புளியமரம். வெட்டியவர்கள் வேறு. கயிற்றைப் பிடித்து இழுத்தவர்களில் ஆறாவது ஆள் நான். (இழுத்தேன் என்பது பெருமைக்குச் சொல்வது. கயிற்றில் தொங்கினேன்.)

மூன்றாம் நாள் மத்தியானம், இடுப்பில் ஒரு பெண்பிள்ளையோடு கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து நடந்து வந்தாள் இருசம்மாள். காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பெரியாஸ்பத்திரியில் காட்ட மலையிலிருந்து இறங்கியவள். மறியலுக்கு முந்தின நாள் வந்தவள், பஸ் நின்றுபோனதால் மாட்டிக்கொண்டாள்.

“தம்பி, மலைக்குப் போவணும். ஓரமா வழி இருக்குங்களா?”

“வழி இருக்குது, பஸ்ஸுதான் இல்ல. நாலு நாள் பொறுத்துக்கங்கம்மா. எல்லாம் உங்க நல்லதுக்கும் சேத்துத்தான்.”

“எங்க நல்லதுங்களா? அது எப்பங்க வரும்?”

கிண்டல் இல்லை. பஸ் நேரம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். கை சுட்டது. அந்தக் கொதிப்போடு மலை ஏற முடியாது. நான் பாடம் நடத்திய டுடோரியலின் கீற்றுக் கொட்டகைக்குக் கூட்டிவந்து, இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுக்க வைத்தேன். பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். ஐந்து நாள் அங்கேதான் இருந்தார்கள். பகலில் மரத்தண்டை காவல், சாயங்காலம் பிள்ளைக்கு மாத்திரை. பாதையை மறித்தவனே பன்னும் வாங்கிக் கொடுத்தால் ‘நல்ல மனுசன்’ என்ற பெயர் வெகு மலிவாகக் கிடைக்கிறது.

சாலை திறந்ததும் அவள் மலைக்குப் போனாள். போய் எட்டாம் நாள் திரும்பி வந்து கொட்டகை வாசலில் நின்றாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்புக் கோடு இழுத்துவிட்டார்களாம். மேற்பார்வையாளர் சொல்லியனுப்பியது இதுதான்: மேல் ஆபீசில் மனுக் கொடுத்து, திரும்பக் கையெழுத்துப் போட அனுமதி வாங்கி வா.

“அத மட்டும் எழுதிக் குடுங்க சார். திரும்பக் கையெழுத்துப் போட வுடணும்னு.”

4

(இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். குற்றவாளிகள் காரணம் சொல்லும்போது குரல் இப்படித்தான் மாறும்.)

அந்த மாதம் டுடோரியலில் நான் நடத்திக்கொண்டிருந்த பாடம் ‘ரீ’. இங்கிலீஷில் ஒரு வினைச்சொல்லின் தலையில் ரீயை வைத்தால் ‘மறுபடியும்’ என்று பொருள். அறுந்ததை, கழன்றதை, பிரிந்ததை மறுபடியும் சேர்க்க அவர்களிடம் ஒரு கூடை சொற்கள் இருந்தன. கரும்பலகை முழுக்க எழுதிப் போட்டேன். ரீடை என்றால் அவிழ்ந்ததைத் திரும்பக் கட்டு. ரீஃபாஸன், கழன்றதைத் திரும்ப மாட்டு. ரீஅட்டாச், ரீகனெக்ட், ரீசீல். கடைசியில் ரீஜாயின், திரும்பச் சேர்.

நமக்குச் சொற்கள் இல்லாமல் இல்லை. கட்டு, பூட்டு, பிணை, கோர், தை, ஒட்டு, முடி. ஆனால் நம் வினைகளுக்குத் தலையில் எதையும் வைத்துப் பழக்கமில்லை. முன்னால் ஒரு ‘திரும்ப’வை நடக்க விட்டு, பின்னால் தனியாக வருகின்றன. கட்டுவதும் ‘முடி’தான், தீர்த்துக்கட்டுவதும் ‘முடி’தான் என்ற குழப்பம் வேறு. இங்கிலீஷ் எவ்வளவு ஒழுங்கு பாருங்கள் என்று வகுப்பில் மெய்சிலிர்த்தேன். எந்த வினையானாலும் பயமில்லாமல் ரீ போடலாம் என்று நானாக ஒரு விதியும் செய்து கொடுத்தேன்.

முன்பெஞ்சில் தேவிப்ரியா என்று ஒரு பெண். கையைத் தூக்கினாள்.

“சார், மூவ்னா நவுறு. அப்ப ரிமூவ்னா மறுபடியும் நவுறுங்களா?”

“அது அடுத்த வகுப்புல” என்றேன்.

அடுத்த வகுப்பில் வேறு பாடம் எடுத்தேன்.*

* தேவிப்ரியா, இதை எங்காவது படித்தால்: உன் சந்தேகம் சரி.

5

இருசம்மாள் கேட்டாள்: “தமிழ்ல எழுதுனா போதாதுங்களா சார்?”

இந்தக் கேள்வியைக் கதையில் வைக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வாசகர் நம்பமாட்டார், வசதிக்காக ஆசிரியர் நுழைத்தது என்பார். ஆனால் அவள் கேட்டாள்.

“தமிழ் மனு கட்டுல தூங்கும்மா. இங்கிலீஷ்னா மேஜை மேல நிக்கும்.”

“அப்ப நிக்கற மாதிரியே எழுதுங்க.”

ரீஜாயின் என்று எழுதியிருந்தால் கதையே இல்லை. கரும்பலகையில் என் கையாலேயே எழுதிய சொல், அழிக்காமல் பின்னாலேயே இருந்தது. ஆனால் அதை எல்லோரும் எழுதுவார்கள். நான் நிபுணன். அவள் கேட்டது ‘திரும்பக் கையெழுத்துப் போட’. கையெழுத்துப் போடு என்றால் சைன். தலையில் ஒரு ரீ. அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்: ஐ மே கைண்ட்லி பி பர்மிட்டட் டு ரீசைன்.

வாயால் சொல்லிப் பார்த்தபோது ரீ என்று நெடிலாகத்தான் சொன்னேன். தமிழில் எழுதினால் ரிக்கும் ரீக்கும் நடுவில் ஒரு சுழி இருக்கிறது, காட்டிக் கொடுத்துவிடும். இங்கிலீஷில் இரண்டுக்கும் அதே எழுத்துகள்தான். திரும்பக் கையெழுத்துப் போடு என்ற பொருள் வரவேண்டுமானால் நடுவில் ஒரு சின்னக் கோடு போடவேண்டும். போடாவிட்டால் வேலையை விடுகிறேன் என்று பொருள். நான் போடவில்லை. மறக்கவில்லை. தெரியாது.

ஜெயப்பிரகாஷ் எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி அடித்தான். நல்ல டைப்பிஸ்டுகள் படிப்பதில்லை.

6

அந்த ஆபீசின் பெயர் வேண்டாம். நான் கூடப் போகவில்லை. திரும்பி வந்து அவள் சொன்னதை வைத்து எழுதுகிறேன். அவள் சந்தோஷமாகச் சொன்னாள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

எழுத்தர் பிச்சைமுத்து மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாராம்.

“ஏம்மா, நல்லா யோசிச்சுதான் எழுதுனியா?”

“யோசிச்சுதாங்க. ரெண்டு நாளா தூக்கமே இல்ல.”

“யாரும் மிரட்டலியே?”

“அய்யோ இல்லீங்க. நான்தான் எழுதச் சொன்னேன். வாத்தியாரு எழுதிக் குடுத்தாரு.”

“அஞ்சு வருசம் பாத்த வேலயாச்சேம்மா.”

“அதனாலதாங்க.”

கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாராம். “எப்பலேர்ந்து?”

“இன்னிக்கே ஆனாக்கூட நல்லதுங்க.”

“அப்பக் கையெழுத்துப் போடு.”

இருசம்மாள் பேனாவை வாங்கினாள். இந்த வேலைக்காகத்தான் அவள் கையெழுத்துப் போடக் கற்றது. அதுவரை கைநாட்டு. இ-யில் தொடங்கி ள்-இல் வந்து சேர அரை நிமிடம் ஆகுமாம். அவசரப்படுத்தாமல் அவர் காத்துக்கொண்டிருந்தாராம். போட்டுவிட்டு நிமிர்ந்தபோது, “பாத்து இரும்மா” என்றாராம்.

“எவ்ளோ பதவுசான ஆளு சார் அவரு” என்றாள் என்னிடம்.

(சண்டை தீர்ந்து இரண்டு பேர் சேர்ந்தால் ‘ராஜியாயிட்டாங்க’ என்கிறோம். அந்த ராஜியோடு ஒரு நாமாவை ஒட்டினால் விட்டுப் போவது என்றாகிறது. யாரோ ஒருவன் என்னைப்போல ஒட்டியிருக்கிறான்.)

7

பத்து நாளில் உத்தரவு வந்தது. மேற்பார்வையாளர் அவளிடம், “உன் பேர எடுத்துட்டாங்க” என்று மட்டும் சொன்னார். ஏழு நாள் வராததற்குத் தண்டனை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

எனக்குச் சொன்னது ஜெயப்பிரகாஷ். பிச்சைமுத்து தன் மகளை டைப்ரைட்டிங்கில் சேர்க்க வந்த இடத்தில் பேச்சு வந்திருக்கிறது. கார்பன் காப்பியை எடுத்துக்கொண்டு நேரே கொட்டகைக்கு வந்தான்.

“யோவ் வாத்தியாரே, இது இன்னா?”

“ரீசைன்.”

“ரிசைன்யா இது. அந்தம்மாவுக்கு ராஜினாமா எழுதிக் குடுத்திருக்க நீ.”

அகராதியை எடுத்தேன். அவன் பிடுங்கி மேஜைமேல் வைத்தான்.

“அத அப்பறம் படி. முப்பது நாளுக்குள்ள ஒரு லெட்டர் குடுத்தா ரத்து பண்ணிடலாம்ங்கறாரு அவரு. எழுதனது நான், தப்பு என்னுது, அந்தம்மா வேலைய வுடலன்னு நாலே வரி. தமிழ்லயே எழுது. இன்னும் இங்கிலீஷ்ல எழுதி அவங்கள ஜெயிலுக்கு அனுப்பிடாத.”

நாலு வரி. பதினொரு வரைவு எழுதினேன்.

அப்போது டுடோரியல் வாசலில் என் பெயரோடு ‘ஆங்கில நிபுணர்’ என்று போர்டு மாட்டியிருந்தார்கள். அக்டோபர் தேர்வில் தவறியவர்கள் வந்து சேரும் நேரம். அந்த லெட்டர் ஃபைலில் ஏறும், ஃபைலிலிருந்து டீக்கடைக்கு இறங்கும், டீக்கடையிலிருந்து போர்டுக்கு ஏறும் என்று கணக்குப் போட்டேன். எட்டாவது வரைவில் ‘என்னால்’ என்பது ‘ஏற்பட்ட’ ஆயிற்று. பதினொன்றாவதில் ‘என் மாணவர் ஒருவரின் கவனக்குறைவால்’ என்று எழுதினேன். அந்த மாணவருக்கு ஒரு பெயர்கூட வைத்தேன். நான் எழுதிய முதல் புனைகதை அதுதான்.

அதையும் அனுப்பவில்லை. முப்பத்தோராம் நாள் ஜெயப்பிரகாஷ், “குடுத்துட்டியா?” என்றான். “ம்” என்றேன். அவன் சாகும்வரை அதை நம்பிக்கொண்டிருந்தான்.

இருசம்மாள் குடகுக்குப் போகும்முன் ஒருமுறை வந்தாள். “நீங்க நல்லாத்தான் எழுதுனீங்க சார். நமக்குக் குடுத்து வைக்கல” என்றாள். பிள்ளையைச் சங்கராபுரத்தில் விட்டுவிட்டு வந்திருந்தாள். பன் வாங்கிக் கொடுத்தேன்.

8

இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. கதைக்கு முடிவு வேண்டும். கையில் மூன்று இருக்கின்றன.

அ) தாளில் உள்ளதை உள்ளபடி படிக்கிறேன்: ராஜினாமா. இருசம்மாள் சொன்ன சொல் மாறாதவள். ‘வாத்தியாரே சொல்லிட்டாரு, நான் ஒத்துக்கறேன்’ என்பாள். ஒரு பொய்யும் சொல்லாதவள், என்னை நம்பிய ஒரே காரணத்தால், மகள் எதிரில் பொய்க்காரி ஆவாள். மகளுக்கு ஜெயித்ததாக இருக்கும், வீடு போய்ச் சேரும்வரைக்கும்.

ஆ) நான் எழுத நினைத்ததைப் படிக்கிறேன்: திரும்பக் கையெழுத்துப் போட அனுமதிக்க வேண்டுகிறேன். ஆனால் சின்னப்பொண்ணு போனில் தட்டி அர்த்தம் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். கிழவர் பாவப்பட்டுப் பூசி மெழுகுகிறார் என்று நினைப்பாள். அம்மாவைக் காப்பாற்றப் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால், அம்மா செய்தது நிஜம்தான் என்று முடிவு கட்டுவாள்.

இ) இந்தக் கதையை அவளிடம் கொடுத்து, படித்துப் பாரம்மா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறேன். நேற்று இரவு வரை எனக்கு மிகவும் பிடித்திருந்த முடிவு இது. கதை என்று கொடுத்தால் பாதி கற்பனை என்று அவளே தள்ளுபடி கொடுப்பாள். இன்னும் மோசம், ‘நல்லா எழுதியிருக்கீங்க சார்’ என்று சொல்லிவிடுவாள்.

நாலாவது ஒன்று இருக்கிறது. அதற்குத் தாள் வேண்டாம். எழுந்துபோய், இரண்டு பேரையும் எதிரில் உட்காரவைத்து, வாயால் சொல்லவேண்டும். அதை இங்கே எழுதிப் பார்க்கக் கூடாது. எழுதினால் அது பன்னிரண்டாவது வரைவு.

வாசலில் ஆட்டோ வந்து நிற்கிறது. சின்னப்பொண்ணு டிரைவருக்குக் காசு கொடுக்கிறாள். “இந்த வூடுங்களா?” என்று ஒரு கிழக்குரல் டிரைவரிடம் கேட்கிறது. மகளிடம் கேட்கவில்லை. டிரைவர், “எனக்கு எப்டிம்மா தெரியும், ஒங்க பொண்ணாண்ட கேளுங்க” என்கிறான். இரண்டு பேரும் வெயிலில் நிற்கிறார்கள்.

எழுந்திருக்கவேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சரியாக எழுதிவிட்டு எழுந்திருக்கலாம் என்றுதான் தோன்றுகிறது. அப்படித் தோன்றித் தோன்றித்தான் முப்பத்தேழு வருடம்